கம்ப்யூட்டரை நிறுத்தவும் ஒரு வரிசை உண்டு

ஆண்டிபட்டியில் எங்கள் வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தபோது, கணக்கு எழுதி முடித்ததும் அப்பா நேராகச் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுவார். "டிவியை அப்படித்தானே அணைக்கிறோம்?" என்பார். ஒரு நாள் அந்த மாதக் கணக்கு ஃபைல் திறக்கவே இல்லை. நோட்டைப் பார்த்து மீண்டும் டைப் செய்ய இரண்டு நாள் ஆனது. உங்களுக்கு இப்படி நேராமலிருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

பெரிய சர்வர்களில் எப்படி?

பல சர்வர்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும் அமைப்புக்கு கிளஸ்டர் என்று பெயர். எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் நுழையும் பெரிய இணையதளத்தை ஒரே கம்ப்யூட்டர் தாங்காது. எனவே முன்னால், வருபவர்களைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர். நடுவில் வேலையைச் செய்யும் அப்ளிகேஷன் சர்வர்கள். பின்னால் தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ்.

வங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். மாலையில் முதலில் வாசல் கதவைச் சாத்துவார்கள். உள்ளே வரிசையில் நிற்பவர்களின் வேலையை முடித்துக் கவுன்டரை மூடுவார்கள். பெட்டகத்தைப் பூட்டுவது கடைசியில்தான். காலையில் இதற்குத் தலைகீழ்.

கிளஸ்டரும் அப்படித்தான். நிறுத்தும்போது முதலில் புதிய ஆட்கள் வருவதைத் தடுத்து, கையில் உள்ள வேலைகளை முடிக்கவிட்டு, அப்ளிகேஷன் சர்வர்களை நிறுத்தி, கடைசியாக டேட்டாபேஸை நிறுத்த வேண்டும். தொடங்கும்போது டேட்டாபேஸ் முதலில், வாசல் கடைசியில். வெப்லாஜிக் போன்ற சாப்ட்வேர்களில் வேலை முடிந்தபின் நிறுத்துவதற்கு ஒரு கட்டளையும், உடனே நிறுத்துவதற்கு வேறொரு கட்டளையும் உண்டு. இரண்டாவது, அவசரத்துக்கு மட்டும்.

உங்கள் வீட்டில்

நீங்கள் சேவ் செய்த தகவலில் ஒரு பகுதி, டிஸ்க்கில் எழுதப்படும் முன் சிறிது நேரம் மெமரியில் தங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் கரண்ட் போனால் ஃபைல் பாதியில் நின்றுவிடும். எனவே:

1. ஃபைல்களை சேவ் செய்து, எல்லா புரோகிராம்களையும் மூடுங்கள்.

2. ஸ்டார்ட் பட்டனில் பவர், பிறகு ஷட் டவுன் தேர்ந்தெடுங்கள்.

3. மானிட்டர் இருண்டால் மட்டும் போதாது. சிபியுவின் விளக்கும் விசிறியும் நின்ற பிறகே சுவர் சுவிட்சை அணையுங்கள்.

4. தொடங்கும்போது யுபிஎஸ், மானிட்டர், பிறகு சிபியு.

திரை அசையாமல் நின்றுவிட்டால் சிறிது நேரம் காத்திருங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது கடைசி வழி.

கரண்ட் போய் யுபிஎஸ் கத்தினால், அது வேலையைத் தொடர்வதற்கான நேரமல்ல; சேவ் செய்து மூடுவதற்கான நேரம். முக்கியமான ஃபைலுக்குப் பென் டிரைவில் ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் சிபியு விளக்கு அணையும்வரை அப்பா சுவிட்ச் அருகே காத்து நிற்கிறார். நீங்களும் அந்த ஒரு நிமிடம் பொறுங்கள்.