மைதானத்தில் புகுந்த அஸபிய்யத்

எகிப்தின் போர்ட் சயீத் நகரில் 2012 பிப்ரவரி 1 அன்று அல்மஸ்ரீ அணி, கெய்ரோவின் அல்அஹ்லியை 3-1 என்று வென்றது. தோற்றவன்தான் ஆத்திரப்படுவான் என்போம். அன்றோ வென்ற அணியின் ரசிகர்கள் கத்தியும் தடியுமாக மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். விருந்தினர் பக்கத்து வாசல் பூட்டிக் கிடந்தது. நெரிசலில் மூச்சுத் திணறி மவ்த்தானவர்கள் பலர். 70க்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள்! காவல்துறை வேடிக்கை பார்த்தது என்ற குற்றச்சாட்டும் உண்டு. அது தனிப் பேச்சு.

இத்தனைக்கும் ஓராண்டுக்கு முன் தஹ்ரீர் சதுக்கத்தில், பரம எதிரிகளான அல்அஹ்லி, ஸமாலிக் ரசிகர்கள் தோளோடு தோள் நின்றவர்கள். தோழனுக்காக நிற்பது கெட்டதல்ல. எங்கே கெடுகிறது?

ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை அடித்துவிட, இருவரும் தத்தம் கூட்டத்தைச் சண்டைக்கு அழைத்தார்கள். அது ஜாஹிலிய்யத்தின் அழைப்பு, துர்நாற்றம் வீசுவது, விட்டுவிடுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். முஹாஜிர், அன்ஸார் என்பவை குர்ஆன் புகழ்ந்த பெயர்கள். அவற்றுக்கே இந்தத் தீர்ப்பு என்றால், பனியன் நிறத்துக்கு?

உங்கள் மகன் எந்த அணியின் ரசிகன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்த இரவில் எதிரணிக்காரனை அவன் என்ன சொல்லித் திட்டுகிறான் என்று கேட்டிருக்கிறீர்களா?