மான்ட்ரியலில் ஒரு சுற்று அதிகம்

கேள்வி: மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் யாரும் எதிர்பாராத ஒருவர் தங்கம் வென்றாராமே? ஓடியவர்களில் சிலர் பிறந்தது ஒரு நாடு, ஓடியது வேறொரு நாட்டுக்காகவாமே?
- வாசகி, மதுரை

பதில்: 1976 ஜூலை 31. நல்ல மழை. அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்ட்டர்தான் மறுபடி ஜெயிப்பார் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் வால்டமர் சியெர்பின்ஸ்கி முன்பு ஸ்டீபிள்சேஸ் ஓடியவர்; மாரத்தானில் பெரிய பெயர் இல்லை. அவர் ஷார்ட்டரை விட்டு விலகி, 2 மணி 9 நிமிடம் 55 விநாடியில் வந்து சேர்ந்தார். வேடிக்கை அதற்குப் பிறகுதான். பலகையில் இன்னும் ஒரு சுற்று என்று காட்டியதால் மனிதர் நிற்காமல் ஓடினார்! திரும்பி வந்தபோது, இரண்டாவதாக முடித்த ஷார்ட்டர் எல்லைக்கோட்டில் காத்திருந்தார்.

அந்த ஷார்ட்டர் பிறந்தது ஜெர்மனியின் மியூனிக்கில். 1972இல் தங்கம் வென்றதும் அதே ஊரில்தான். ஆறாவதாக வந்த கனடாக்காரர் ஜெரோம் டிரேட்டனும் ஜெர்மனியில் பிறந்தவரே; இயற்பெயர் பீட்டர் புனியாக். சிறுவயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1975இல் ஃபுகுவோகாவில் அவர் படைத்த கனடா சாதனை 2018 வரை நின்றது.

சியெர்பின்ஸ்கி 1980இல் மாஸ்கோவிலும் வென்றார். பிறகு வெளிவந்த கிழக்கு ஜெர்மனியின் ஊக்கமருந்து ஆவணங்களில் அவர் பெயர் அடிபட்டது. பதக்கம் பறிக்கப்படவில்லை. எனக்கென்னவோ அந்தத் தங்கத்தின் மேல் சந்தேகம் தீரவில்லை.

நம்மவர் சிவநாத் சிங்குக்கு அன்று 11ஆவது இடம். அவரைப் பற்றியும் யாராவது கேளுங்களேன்!