ஒரே மெயில், மூன்று இடத்தில்

கம்ப்யூட்டரில் இறக்கிய மெயில், செல்போனில் ஏன் காணவில்லை? விடை, மெயிலை எடுக்கும் முறையில் இருக்கு.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் தந்தது. அன்று டெலிபோன் லைன் வழியே இணைப்பு, நேரத்துக்குக் காசு. அதற்கு ஏற்றது பாப்3 முறை. மெயிலை இறக்கிக்கொண்டு லைனை கட் பண்ணிடலாம். ஆர்.கே.பேட்டை தபால் ஆபீசில் கடிதத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவது போல. பிறகு ஆபீசில் அது இருக்காது. 'சர்வரில் பிரதி இருக்கட்டும்' என்று குறித்தால் இருக்கும். ஆனால் படித்ததும் அழித்ததும் மற்ற கருவிக்குத் தெரியாது.

ஐமேப் முறை வேறு. 1986-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கியது. மெயில் சர்வரிலேயே இருக்கும். கம்ப்யூட்டர், வெப், செல்போன் மூன்றும் அதையே காட்டும். ஒன்றில் படித்தால் மூன்றிலும் படித்ததாகும். ஒன்றில் அழித்தால் மூன்றிலும் போயிடும், ஜாக்கிரதை!

தறி ஓடும் வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு, இன்டர்வியூ அழைப்பும் மெயிலில்தான் வருது. ஆகவே கணக்கைச் சேர்க்கும்போது ஐமேப்பையே தேர்ந்தெடுப்போம். வந்த அழைப்பு கண்ணில் படாமல் போகக் கூடாது!