ஜாடிக்குள் ஒரு தோட்டம்

நான் படிவம் நான்கில் செய்த ஓர் ஆய்வு இன்னும் ஞாபகத்துல இருக்கு. நல்லா வந்ததால இல்ல, சொதப்பினதால. அந்த ஆய்வின் பெயர் இரசாயனத் தோட்டம். இந்த முறை அதைத்தான் பாடமா பார்க்கப் போறோம்.

முதல்ல சோடியம் சிலிக்கேட் கரைசல் வேணும். கடையில் வாங்கும் கரைசல் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்துக் கலக்கி, கண்ணாடி பீக்கரில் ஊற்றி அசையாமல் வைக்கணும். பிறகு அரிசி அளவு உப்புக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் போடணும். சில நிமிடங்களில் கட்டியிலிருந்து செடி முளைப்பது போல கிளைகள் மேலே எழும். கொப்பர் சல்பேட் போட்டால் நீலம், நிக்கல் சல்பேட் பச்சை, ஃபெரிக் குளோரைடு பழுப்பு, கால்சியம் குளோரைடு வெள்ளை.

இதை 'படிகம் வளருது' என்று பலர் சொல்வாங்க. உண்மையில் வளர்வது உள்ளே வெறுமையான மெல்லிய குழாய்கள். எப்படி?

1. உப்புக் கட்டி கொஞ்சம் கரையுது. அதிலிருந்து வரும் உலோக அயனிகள் சிலிக்கேட்டோடு சேர்ந்து, கரையாத ஒரு மெல்லிய சவ்வாகி கட்டியை மூடிக்குது.

2. சவ்வுக்கு உள்ளே உப்பு செறிவாக இருக்கு. அதனால் வெளியே உள்ள தண்ணீர் சவ்வு வழியா உள்ளே போகுது. உயிரியல் பாடத்தில் படிச்ச அதே ஆஸ்மோசிஸ்தான்!

3. உள்ளே அழுத்தம் கூடி சவ்வு கிழியுது. உள்ளிருக்கும் திரவம் வெளிக் கரைசலைவிட இலேசானது என்பதால் மேல்நோக்கிப் பீய்ச்சும். உடனே அதைச் சுற்றிப் புதுச் சவ்வு உருவாகும். மறுபடியும் கிழியும், மறுபடியும் மூடும். இப்படித்தான் குழாய் உயருது.

ஜெர்மானிய வேதியியலாளர் கிளாபர் 1646-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் அனைத்துலக விண்வெளி நிலையத்திலும் செய்து பார்த்தாங்க. அங்கே எடையற்ற நிலை. அதனால் குழாய்கள் மேலே போகாமல் கண்டபடி வளைந்து வளர்ந்தன.

சரி, நான் எங்கே சொதப்பினேன்? கட்டிக்குப் பதிலா பொடியைப் போட்டேன். ஒன்னும் வரலையேன்னு அவசரப்பட்டு, கண்ணாடிக் கோலால் கலக்கியும் விட்டேன். சவ்வு அவ்வளவு மெல்லியது, கலக்கினால் தாங்குமா? பீக்கர் முழுக்க நீலச் சேறு! பக்கத்து மேசையில் அழகான தோட்டம்.

அதைவிட மோசம் அடுத்து நான் செய்தது. பயிற்றிப் புத்தகத்தைப் பார்த்து, 'நீல நிறக் கிளைகள் உயர்ந்தன' என்று அறிக்கையில் எழுதிட்டேன். டீச்சர் அறிக்கையைப் படிச்சாங்க, பீக்கரைப் பார்த்தாங்க. "நீ பார்த்தது எங்கே?" என்று மட்டும் கேட்டாங்க. திட்டவே இல்லை. எனக்குத் தலை நிமிரல.

அன்று மாலை திரும்ப எழுதினேன்: பொடி போட்டேன், கலக்கினேன், சேறானது. ஏன் சேறானது என்று தேடிப் படித்தபோதுதான் மேலே சொன்ன மூன்று படிகளும் எனக்கு உண்மையிலேயே புரிஞ்சது. இன்று பொறியியல் ஆய்வுக்கூடத்தில் கருவி தப்பான எண் காட்டினாலும் அதை அப்படியே எழுதிடுவேன். தப்பை மறைச்சா காரணம் கிடைக்காது.

கடைசியா, பாதுகாப்பு. சிலிக்கேட் கரைசல் காரத்தன்மை கொண்டது, கண்ணில் படக்கூடாது. நிக்கல் உப்பு நச்சு. எனவே கண்ணாடியும் கையுறையும் அணிந்து, பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாதீங்க, ஆசிரியரிடம் கொடுங்க.

உங்கள் தோட்டம் நல்லா வந்தாலும் சரி, சேறானாலும் சரி, பார்த்ததையே எழுதுங்க.