மழைமானியும் பாஸ்புத்தகமும்
கோடை இடிமழையைக் கவனிப்போர்க்கு ஒரு சிறு பாடம்

பெங்களூரில் வேலை முடித்து மாலை ரயிலில் மாரிகுப்பம் திரும்பும் நம் வாடிக்கையாளர்களை ஏப்ரல், மே மாதங்களில் கவனித்தால் ஒரு பழக்கம் புலப்படும். பங்காருபேட்டையில் வண்டி நின்றதும் பலர் சன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார்கள். கோரமண்டல், உரிகம், சாம்பியன் ரீஃப் என்று நிலையங்கள் வர வர, வீட்டிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளும் ஒரே கேள்வியாகிவிடும்: "அங்கே மழையா?" 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின், இவ்வூரின் பிழைப்பு பெரும்பாலும் இந்த ரயில் தண்டவாளத்தின் மீதே ஓடுகிறது. ஆகவே மாலை நேர இடிமழை இங்கே வெறும் பேச்சுப்பொருள் அன்று.

ஓய்வூதியம் பெற எங்களிடம் வரும் முன்னாள் சுரங்கத் தொழிலாளர் ஒருவர் சட்டைப்பையில் சிறு குறிப்பேடு வைத்திருப்பார். தேதி, முதல் இடி கேட்ட நேரம், மேகம் எழுந்த திசை, மழையின் அளவு ஆகிய நான்கே பத்திகள். இது எதற்கு என்று ஒருமுறை கேட்டோம். "கீழே இருந்தவரைக்கும் பாறையின் சத்தத்தைக் கேட்டு நடந்தோம், சார். மேலே வந்த பிறகு மேகத்தின் சத்தத்தைக் கேட்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். பாறை வெடிப்புக்குப் பேர்போன சுரங்கத்தில் உழைத்தவரின் சொல் அது. இந்தக் கட்டுரை அவருடைய நான்கு பத்திகளைப் பாடமாகக் கொண்டது.

முதற் பத்தி: தேதி

மார்ச் முதல் மே வரையிலான காலத்தை இந்திய வானிலை ஆய்வுத் துறை பருவமழைக்கு முந்திய காலம் என்று வகுக்கிறது. இம்மாதங்களில் தக்காணப் பீடபூமியின் தரை கடுமையாகச் சூடேறுகிறது. தரையை ஒட்டிய காற்று இலேசாகி மேலெழுகிறது. வங்கக் கடலிலிருந்தோ அரபிக் கடலிலிருந்தோ ஈரக்காற்று வந்து சேரும் நாளில், மேலெழும் காற்று குளிர்ந்து மேகமாகிறது. நீராவி நீர்த்துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் மேகத்தை மேலும் உயர்த்துகிறது. மதியம் பஞ்சுப்பொதி போலிருந்த மேகம் மாலைக்குள் கோபுரமாக வளர்வது இப்படித்தான். உள் கர்நாடகத்தின் வழியே தமிழகம் வரை நீளும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி இருக்கும் நாட்களில் இது இன்னும் எளிதாக நிகழ்கிறது. மாங்காய் முற்றும் பருவத்தில் பெய்வதால் இம்மழைக்குக் கர்நாடகத்தில் மாம்பழ மழை என்றே பெயர்.

வங்கிக் கண்ணோட்டத்தில் தேதிக்கு இன்னொரு பொருளும் உண்டு. அதைப் பின்னால் சொல்வோம்.

இரண்டாம் பத்தி: நேரம்

மின்னலும் இடியும் ஒரே கணத்தில் பிறப்பவை. ஒளி உடனே வந்துவிடுகிறது. ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில்தான் வருகிறது. எனவே மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிய நொடிகளை மூன்றால் வகுத்தால், மின்னல் விழுந்த இடம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று தெரிந்துவிடும். 15 நொடி என்றால் 5 கிலோமீட்டர். 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர்.

இதிலிருந்து எழுந்ததே உலகெங்கும் சொல்லப்படும் முப்பது–முப்பது விதி. இடைவெளி 30 நொடியோ அதற்குக் குறைவோ ஆனால் உறுதியான கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. மழை நின்றதும் மாடியில் காயப்போட்டதை எடுக்க ஓடுவதும், மரத்தடியில் இருசக்கர வாகனத்தை நிறுத்தி ஒதுங்குவதும் உயிரைப் பறிக்கும் பழக்கங்கள். தேசியக் குற்றப் பதிவேடுகள் பணியகத்தின் கணக்குப்படி நம் நாட்டில் மின்னலால் ஆண்டுதோறும் 2,500க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். வெட்டவெளி மிகுந்த நம் ஊரில், சயனைட் மேடுகளின் உச்சியில் நின்று மின்னலைப் படமெடுக்கும் இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருளாக நீங்களே நிற்பதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

மூன்றாம் பத்தி: திசை

மேகம் எழுந்த திசையைவிட அது நகரும் திசையே முக்கியம். ஒற்றை இடிமேகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரு மேகத்திலிருந்து கீழிறங்கும் குளிர்காற்று பக்கத்தில் மற்றொன்றை எழுப்பும். மழைக்கு முன் புழுதியுடன் வரும் குளிர்ந்த காற்று அதன் அறிகுறி.

இன்று கைபேசியிலேயே ரேடார் படம் பார்க்கிறோம். அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். சென்னையில் 2002ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டாப்ளர் ரேடாரிலிருந்து நம் ஊர் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பூமி உருண்டையாதலால், தொலைவு செல்லச் செல்ல ரேடாரின் கதிர் தரையைவிட்டு உயர்ந்துகொண்டே போகிறது. நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்தில் உள்ள மேகத்தையே அது காண்கிறது. அடியில் பெய்வதை அன்று. படத்தில் சிவப்பாகத் தெரிந்தும் தெருவில் தூறலோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2015 சென்னை வெள்ளத்துக்குப் பின் 'தமிழ்நாடு வெதர்மேன்' என அறியப்படும் பிரதீப் ஜான் போன்ற தனியார் ஆர்வலர்களின் தமிழ்ப் பதிவுகளை லட்சக்கணக்கானோர் படிக்கின்றனர். வானிலையை வீட்டுப் பேச்சாக்கியதில் இவர்களுடைய பங்கு பெரிது. ஆயினும் எச்சரிக்கை என்ற பெயருக்கு உரியது வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பே. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பையும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிற எச்சரிக்கைகளையும் அது வெளியிடுகிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'தாமினி' செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 மற்றும் 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் அபாயத்தைத் தெரிவிக்கும்.

நான்காம் பத்தி: அளவு

மழை ஒரு மில்லிமீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று பொருள். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள, அடி தட்டையான பாத்திரம் ஒன்றும் பள்ளிக்கூட அளவுகோலும் இருந்தால் மழைமானி தயார். சுவர், மரம் ஆகியவற்றிலிருந்து விலக்கி, கூரைநீர் சொட்டாத திறந்த இடத்தில் வைக்க வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து கொட்டிவிட வேண்டும். வானிலை நிலையங்கள் பின்பற்றும் நேரமும் அதுவே. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முப்பதுக்கு நாற்பது அடி மனை ஏறத்தாழ 111 சதுர மீட்டர். அதில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 5,550 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள குடியிருப்பில் அதே மழை 5 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட லாரிகள்! இது நாள் முழுதும் பெய்தால் மண்ணும் கால்வாயும் தாங்கும். கோடையில் முக்கால் மணி நேரத்தில் கொட்டிவிடும். ஆகவே அளவோடு, எத்தனை நிமிடம் பெய்தது என்பதையும் எழுதுவது நன்று.

நம் ஊருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தங்கம் பிரித்த பின் எஞ்சிய ஏறத்தாழ 3.3 கோடி டன் அரைத்த மண் குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. கோடைக் காற்று அதன் தூளை வீடுகளுக்குள் கொண்டுவருகிறது. முதல் பெருமழை அதைக் கால்வாய்களுக்குள் கொண்டுசெல்கிறது. கால்வாய் மண்ணால் நிரம்பியிருந்தால், சிறு மழையும் தாழ்வான லைன் வீடுகளின் வாசலைத் தாண்டும். மார்ச் மாதத்திலேயே தூர்வாரச் சொல்லி நகராட்சியிடம் மனுக் கொடுப்பது, மே மாதத்தில் வாளியால் நீர் இறைப்பதைவிட மலிவானது.

ஆற்று வெள்ளம் வேறு, தெரு வெள்ளம் வேறு என்பதையும் மறக்கலாகாது. பேத்தமங்கலம் ஏரியைக் கடந்து தமிழகம் செல்லும் பாலாறு 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடியது. 2021 நவம்பரிலும் பெருக்கெடுத்தது. அவை பல நாள் பெய்த மழையின் விளைவு. இத்தகைய வெள்ளத்தை முன்கூட்டியே அறியப் பெரும்பாலும் காலம் இருக்கும். கோடை வெள்ளம் அத்தகைய அவகாசம் தருவதில்லை. 2023 மே 21 அன்று பெங்களூர் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். பட்டப்பகலில், நகரின் நடுவில் நேர்ந்தது அது. நீர் தேங்கிய சுரங்கப்பாதையின் ஆழத்தை வாகன ஓட்டி கண்ணால் அளக்க முடியாது, திரும்பிவிடுவதே அறிவு.

ஐந்தாம் பத்தி: நாங்கள் சேர்ப்பது

பெரியவரின் குறிப்பேட்டில் இல்லாத ஐந்தாம் பத்தி ஒன்றை வங்கியாளர் என்ற முறையில் சேர்க்கிறோம்: காப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் சிறுகடன் பெற்று மளிகைக் கடை நடத்திய அம்மையார் ஒருவரின் சரக்கு, ஏப்ரல் மாதத்து ஒரே மாலை மழையில் நனைந்து வீணாயிற்று. அரிசி மூட்டைகள் தரையோடு அடுக்கப்பட்டிருந்தன. காப்பீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்தபோது, அது மார்ச் இறுதியில் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பியதோடு எங்கள் கடமை முடிந்தது என்று நாங்களும் இருந்துவிட்டோம். கடனுக்குத் தவணை நீட்டிக்க முடிந்தது. சரக்கை மீட்டுத் தர முடியவில்லை. அன்றுமுதல் பிப்ரவரியிலேயே நேரில் சென்று பத்திரங்களின் தேதியைப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று.

எனவே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில், 18 முதல் 70 வயது வரையுள்ள கணக்குதாரருக்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு உண்டு. இயற்கைச் சீற்றத்தால் விபத்தாக நேரும் இறப்பும் இதில் அடங்கும். காப்புக்காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. பிரீமியம் மே இறுதியில் கணக்கிலிருந்து தானாகவே பிடித்தம் செய்யப்படும். இடிமழை உச்சத்தில் இருக்கும் அந்த வாரத்தில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமற்போனால், ஜூன் 1 முதல் காப்பும் இல்லாமற்போகும். தேதிக்கு இன்னொரு பொருள் உண்டு என்றது இதைத்தான்.

வீட்டுக்கு 'பாரத் க்ருஹ ரக்ஷா', 5 கோடி ரூபாய் வரையிலான தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' ஆகிய பொதுவான பத்திரங்கள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தீயோடு மின்னல், புயல், வெள்ளம் ஆகியவற்றுக்கும் இவை காப்பளிக்கின்றன.

பயிர்க் காப்பீடு செய்த உழவர்கள், ஆலங்கட்டி மழை, நீர்த்தேக்கம் போன்ற உள்ளூர்ச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

இழப்பீடு கோரும்போது குறிப்பேடும் உதவும். இடிமழை ஒரு தெருவை மூழ்கடித்து அடுத்த தெருவை நனைக்காமலும் விடும். தொலைவிலுள்ள நிலையத்தில் மழையே பதிவாகாமலிருக்கலாம். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் கிராம ஊராட்சி அளவில் தானியங்கி மழைமானிகளை நிறுவியுள்ளது. எந்த நாள், எந்த நேரம் என்று உங்கள் குறிப்பு துல்லியமாகச் சொன்னால், அருகிலுள்ள மானியின் பதிவைக் கேட்டுப் பெறுவது எளிதாகும். குறிப்பேடு சான்றிதழ் ஆகாது; சான்று எங்கே கிடைக்கும் என்று காட்டும் வழிகாட்டி ஆகும். சேதத்தை அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்துவைப்பதும் அவசியம்.

பயிற்சி

இந்த வாரமே மூன்று வேலைகள் செய்யலாம். வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் ஒரு மழைமானி செய்யச் சொல்லுங்கள். கடையிலோ வீட்டிலோ தரையோடு கிடக்கும் மூட்டைகளையும் பத்திரப் பெட்டியையும் ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். பிறகு பாஸ்புத்தகத்தைப் பதிவிட எங்கள் முகப்புக்கு வரும்போது, காப்பீட்டுப் பிரீமியப் பிடித்தம் நடந்துள்ளதா என்று அந்தப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பெரியவர் தம் குறிப்பேட்டைக் காலை 8.30க்குத் திறக்கிறார், எங்கள் கதவு 10 மணிக்குத் திறக்கும். இடையில் உள்ள நேரம் மழையளவை எழுதிவைக்கப் போதுமானது.