குழந்தையோடு ஐரோப்பா: எந்த வயதுக்கு எந்த நகரம்?

'பத்து நாளில் ஏழு நாடு' என்று வரும் சுற்றுலா விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பேருந்தின் பின்னிருக்கையில் உட்காரப்போகும் ஐந்து வயதுப் பிள்ளையை நினைத்துக்கொள்வேன். விடிவதற்குள் பெட்டி கட்டி, தூக்கம் கலையாமல் பேருந்தில் ஏறி, மாலை வரை நெடுஞ்சாலையில் போய், ஒரு கோபுரத்தின் முன் இருபது நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு, மறுபடி பேருந்து. பெரியவர்களுக்கு அதில் ஒரு நிறைவு இருக்கலாம். பிள்ளைக்கு மிஞ்சுவது சீட் பெல்ட்தான்.

அதனால் எந்த நகரம் என்று யோசிப்பதற்கு முன், ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குவதா, பல ஊர்களைத் தொட்டுவிட்டு வருவதா என்பதைத் தீர்மானியுங்கள். தாத்தா பாட்டியும் கூட வருகிறார்கள், இந்தியச் சாப்பாடு இல்லாமல் ஒரு வேளையும் ஓடாது என்றால் குழுப் பயணத்தில் நிம்மதி உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒரு நகரம் போதும். ஆசை அடங்கவில்லை என்றால், ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் எட்டுகிற இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுத்தால் இரவு ரசம் சாதம் முடிந்துவிடும், மதியம் பிள்ளை தூங்கிவிட்டால் கூடவே நீங்களும் சாயலாம். ஒரே ஊரில் இருந்தால் பிள்ளைக்கு அந்த ஊர் பழகிவிடும். எந்த டிராமில் ஏற வேண்டும், எந்த ரொட்டிக் கடையில் திரும்ப வேண்டும் என்று இரண்டு மூன்று நாளில் அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகளோடு பயணம் போவதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

எந்த நகரம் என்பதை வயதுதான் முடிவு செய்ய வேண்டும். புகழை நம்பி முடிவு செய்கிறவர்கள்தான் ஸ்ட்ரோலரைத் தோளில் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறார்கள்.

மூன்று முதல் எட்டு வயது வரை என்றால் எனக்குத் தயக்கமே இல்லை: வியன்னா. சுரங்க ரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் இருக்கிறது. ஆறு வயதுக்குக் கீழே பயணச்சீட்டே வேண்டாம். ஆஸ்திரிய அரசின் பெரிய அருங்காட்சியகங்களில் 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். இந்த ஒரு விதி பெற்றோருக்குத் தரும் சுதந்திரம் பெரிது. பணம் கட்டி உள்ளே போய்விட்டால் 'கொடுத்த காசுக்குப் பார்த்தே ஆக வேண்டும்' என்ற பிடிவாதம் நமக்கு வந்துவிடுகிறது. பிள்ளைக்கு இலவசம் என்றால், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டைனோசர் கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக வெளியே வரலாம். போகிறபோக்கில், சுமார் 11 சென்டிமீட்டரே உயரமுள்ள வில்லெண்டார்ஃப் வீனஸ் சிலையையும் காட்டிவிடுங்கள். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு நெருங்கிய பழமை கொண்ட அந்தப் பொம்மையைப் பிள்ளைகள் நாம் எதிர்பார்ப்பதைவிட அதிக நேரம் பார்ப்பார்கள். இந்த அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

ஷோன்ப்ரூன் அரண்மனைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அரண்மனை அறைகளில் பிள்ளைகளுக்கு வேலை குறைவு. அங்குள்ள குழந்தைகள் அருங்காட்சியகத்தில் அரச உடை அணிந்து பார்க்கலாம், அதுவே போதும். மீதி நேரம் தோட்டத்துக்கும் விலங்குக் காட்சிசாலைக்கும். 1752-இல் தொடங்கிய இந்தக் காட்சிசாலைதான் இன்றும் இயங்குபவற்றில் உலகிலேயே பழமையானது. பிராட்டர் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். 1897-இல் நிறுவிய ராட்சத ராட்டினம் அங்கே இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிறு பிள்ளைகள்கூடப் பயப்படாத வேகம். மழை வந்துவிட்டால் 'ஹவுஸ் டெர் மியூசிக்' என்ற இசை அருங்காட்சியகம் இருக்கிறது. திரையில் வாசிக்கும் வியன்னா பில்ஹார்மோனிக் குழுவைக் குச்சி அசைத்து நடத்த அங்கே பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. வெயில் அடித்தால் டான்யூப் தீவு. வெள்ளத்தைத் தடுப்பதற்காக வெட்டிய கால்வாயின் மண்ணைக் கொட்டி உருவாக்கிய 21 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு அது. தண்ணீரில் விளையாடுவதற்கென்றே ஒரு மைதானம் அங்கே உண்டு. குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது. பாட்டில் வாங்கத் தேவையே இல்லை.

குறை என்றால், வியன்னா கொஞ்சம் ஒழுங்கு பார்க்கிற ஊர். பழைய காபி கூடங்களில் பிள்ளை உரக்கக் கத்தினால் திரும்பிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மளிகைக் கடைகள் மூடியிருக்கும், பாலும் தயிரும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும்.

இதே வயதுக்குப் போட்டியாக நிற்பது கோபன்ஹேகன். தட்டையான ஊர், தண்ணீர் சூழ்ந்த ஊர். முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிளில் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டிப்போவது அங்கே அன்றாடக் காட்சி, வாடகைக்கும் கிடைக்கும். மெட்ரோவில் ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன் கண்ணாடியருகே நின்று சுரங்கத்தைப் பார்க்கும் பிள்ளையை இறக்குவதுதான் பெரும்பாடு. ஒரு பெரியவரின் பயணச்சீட்டில் 12 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் இலவசமாகப் போகலாம். மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே 1843-இல் திறந்த டிவோலி கேளிக்கைப் பூங்கா. நுழைவுக்கு ஒரு கட்டணம், ராட்டினங்களுக்குத் தனிக் கட்டணம் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். அது ஆண்டு முழுதும் திறந்திருப்பதில்லை, பருவங்களுக்கு இடையே மூடிவிடுவார்கள். தேசிய அருங்காட்சியகத்தின் குழந்தைகள் பகுதியில் எதையும் தொடலாம், ஏறலாம், வைக்கிங் கப்பலிலும் ஏறலாம்.

பிறகு ஏன் வியன்னாவை முதலில் வைத்தேன்? விலைதான் காரணம். கோபன்ஹேகனில் நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் பில் மனதை உறுத்தும். வீட்டுச் சமையல் உங்களுக்குப் பாரமில்லை, சைக்கிள் ஓட்டுவது பிடிக்கும், கோடையில்தான் போகிறீர்கள் என்றால் கோபன்ஹேகனையே தேர்ந்தெடுங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்; தங்கும் அறையில் வெளிச்சம் புகாத திரை இருக்கிறதா என்று கேட்டு முன்பதிவு செய்யுங்கள். கடற்கன்னி சிலையைப் பற்றி மட்டும் பிள்ளைக்கு அதிகம் சொல்லி வைக்காதீர்கள். அது 1.25 மீட்டர் உயரம்தான்.

எட்டு முதல் பன்னிரண்டு வயது என்றால் ரோம். கிளாடியேட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் கண் விரிகிற வயது அது. கி.பி. 80-இல் திறந்த கொலோசியத்தின் உள்ளே நின்று, சிங்கங்களை எந்த அறையிலிருந்து மேலே ஏற்றினார்கள் என்று கீழ்த்தளத்தைக் காட்டிச் சொன்னால், பாடப் புத்தகம் ஒரு வருடத்தில் செய்ய முடியாததை அந்த ஒரு மணி நேரம் செய்துவிடும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். ஆனாலும் அவர்கள் பெயரிலும் சீட்டு முன்பதிவு செய்தாக வேண்டும். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் குவிமாட உச்சியில் சுமார் ஒன்பது மீட்டர் அகலத் திறப்பு இருக்கிறது. மழை பெய்தால் உள்ளே கொட்டும், தரையிலுள்ள சிறு துளைகள் வழியே வடியும். மழை நாளில்தான் அங்கே போக வேண்டும் என்பேன். தெருவெல்லாம் 'நாசோனி' எனப்படும் இரும்புக் குடிநீர்க் குழாய்கள். முன்வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள துளையிலிருந்து தண்ணீர் வளைந்து வாய்க்கு வரும். ஒரு முறை காட்டிக்கொடுங்கள், பிறகு ஒவ்வொரு குழாயிலும் நிற்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுக் கவலை குறைந்த ஊரும் ரோம்தான். உணவகங்கள் இரவு ஏழரைக்கு முன் திறப்பது அரிது. ஆனால் கத்தரியால் வெட்டி எடை போட்டுத் தரும் பிட்சா கடைகள் பகலெல்லாம் திறந்திருக்கின்றன. கண்டிப்பான சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பார்மிஜானோ சீஸ் தயாரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைச் சேர்க்கிறார்கள், சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நடக்கக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு ரோம் வேண்டாம். கருங்கல் பாவிய தெருக்களில் ஸ்ட்ரோலரின் சக்கரம் தடதடக்கும், ஜூலை ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். நம்மூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைதானே என்று எண்ணாதீர்கள், நம்மூரில் அந்த நேரத்தில் பிள்ளையை நடக்கவிட மாட்டோம்.

பாரிஸை நான் பதின்ம வயதுக்குத் தள்ளிவைப்பேன். நான் நேசிக்கும் நகரம் அது, அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன். 1900-இல் தொடங்கிய மெட்ரோவின் பழைய நிலையங்களில் படிகளுக்கு முடிவே கிடையாது. 14-ஆம் தடத்தில் லிஃப்ட் உண்டு, மற்றபடி பேருந்துதான் கை கொடுக்கும். லூவரில் மோனாலிசாவின் முன் திரளும் கூட்டத்தில் நான்கடி உயரமுள்ள ஒருவருக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுப்பை. பதினைந்து வயதில் அதே பிள்ளை உங்களைவிட நிதானமாக ஓவியத்தின் முன் நிற்கும். ஈபிள் கோபுரத்தின் இரண்டாம் தளம் வரை 674 படிகளை லிஃப்ட் வேண்டாமென்று ஓடி ஏறும்.

சின்னப் பிள்ளையோடு பாரிஸ் போயே ஆக வேண்டும் என்றால், லக்ஸம்பர்க் தோட்டத்தின் அருகே தங்குங்கள். அங்குள்ள குளத்தில் பாய்மரப் பொம்மைப் படகை வாடகைக்கு எடுத்துக் குச்சியால் தள்ளிவிட்டு, அது எதிர்க்கரை சேரும்வரை சுற்றி ஓடுவதைப்போல ஒரு மாலை வேறெங்கும் கிடைக்காது. ஜார்டின் தே பிளாந்த் தோட்டத்திலுள்ள எலும்புக்கூட்டுக் கூடத்தில் திமிங்கிலம், யானை, காண்டாமிருகம் எல்லாம் ஒரே திசை நோக்கி ஊர்வலமாக நிற்கின்றன. லூவருக்குள் போனால் மோனாலிசாவை விட்டுவிட்டு நேரே கீழ்த்தளத்துக்குப் போங்கள்: அரண்மனையாவதற்கு முன் அது கோட்டையாக இருந்தபோது கட்டிய அகழிச் சுவர் அப்படியே இருக்கிறது. பசித்த பிள்ளை இட்லி கேட்டு அழுதால், கார் து நோர் ரயில் நிலையத்தருகே லா ஷாப்பெல் பகுதிக்கு வந்துவிடுங்கள். ஈழத் தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. தோசையும் கறிவேப்பிலையும் அங்கே கிடைக்கும்.

லண்டன் இந்த வரிசையில் சேராதது விசாவினால். மேலே சொன்ன நகரங்களுக்கெல்லாம் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது, தனி விசா எடுக்க வேண்டும். அதற்குத் தயார் என்றால் ஆறு முதல் பத்து வயதுக்கு அருமையான ஊர். 11 வயதுக்குக் கீழே சுரங்க ரயில் இலவசம், பெரிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு யாருக்கும் கட்டணமில்லை. ஆம்ஸ்டர்டாம் வளர்ந்த பிள்ளைகளுக்கு. கால்வாய்க் கரைகளில் பெரும்பாலும் தடுப்புக் கம்பி கிடையாது, ஓடுகிற வயதுக் குழந்தையை அங்கே ஒரு கணமும் கைவிட முடியாது. ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டைப் பத்து வயதுக்குமேல் காட்டலாம். நுழைவுச்சீட்டை இணையத்தில் மட்டுமே விற்கிறார்கள், ஆறு வாரம் முன்பே.

எந்த ஊரானாலும் முதல் இரண்டு நாள் மாலையில் எதையும் வைக்காதீர்கள். இந்தியாவுக்கும் இந்த நகரங்களுக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். லண்டனுக்கு இன்னும் ஒரு மணி கூட. பிள்ளை விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு எழுந்துவிடும், மாலை ஆறுக்குச் சாய்ந்துவிடும். அதோடு சண்டை போடாமல், கூட்டம் வருமுன் காலையிலேயே வெளியே கிளம்பிவிடுவது நல்லது. கோடை விடுமுறையில் ஏப்ரல், மே மாதங்கள் ரோமுக்கும் வியன்னாவுக்கும் இதமானவை. அரையாண்டு விடுமுறையில் கோபன்ஹேகன் போனால் பிற்பகல் நான்கு மணிக்குள் இருட்டிவிடும்.

ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே நகரம் என்றால் இதில் குழப்பமே இல்லை. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறுக்குக் கீழே இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கைரேகை எடுப்பதில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம், பிள்ளையின் விண்ணப்பத்தில் தாய் தந்தை இருவரின் கையெழுத்தும் தேவைப்படும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் கடைசி மாதம்வரை காத்திருக்க வேண்டாம்.

நான்கு வயதில் ஒன்று, பதினொன்றில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில்தான் உண்மையான திண்டாட்டம். பெரியவளுக்கு ரோம் வேண்டும், சின்னவனுக்கு ஓட இடம் வேண்டும். சின்னவனுக்கு ஏற்ற ஊரில் பெரியவளால் மகிழ்ச்சியாக இருக்க முடியும். பெரியவளின் ஊரில் சின்னவனால் முடியாது. அந்த வீட்டுக்கும் வியன்னாதான்.