பறவைகள் பெருகினவா?



கொரோனா நோய் பரவுவதைத் தடுப்பதற்காக 2020 மார்ச் 25 அன்று இந்தியா முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அப்போது நீங்கள் மிகச் சிறியவர்களாக இருந்திருப்பீர்கள். பள்ளிகள் மூடப்பட்டன, பேருந்துகளும் இரயில்களும் நின்றன. வீட்டில் அடங்கியிருந்த மக்கள், கொல்லையில் குயிலையும் செம்போத்தையும் தேன்சிட்டையும் கண்டு வியந்தார்கள். "பறவைகளெல்லாம் திரும்பி வந்துவிட்டன" என்று பலரும் பேசிக்கொண்டார்கள். உண்மையிலேயே பறவைகள் பெருகினவா? ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் பருவத்தைக் கவனியுங்கள். ஏப்ரல், மே மாதங்கள் குயிலின் இனப்பெருக்கக் காலத்தில் அடங்கும். ஊரடங்கு இல்லாத ஆண்டுகளிலும் ஆண் குயில் அப்போது விடாமல் கூவும்.

அடுத்து, நம்மைக் கவனியுங்கள். தேன்சிட்டு சிலந்தி நூலால் நாரையும் சருகையும் பிணைத்து, தொங்கும் கூடு கட்டுகிறது. பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இட்டு, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அடைகாக்கிறது. காலையில் ஓடி மாலையில் திரும்புகிறவர் கண்ணில் இது எப்படிப் படும்? வீட்டிலேயே இருந்தபோதுதான் பட்டது.

மூன்றாவது காரணம் ஒலி. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் வாழும் வெண்முடிச் சிட்டுகளை எலிசபெத் டெரிபெரி என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 2020-இல் ஆராய்ந்தனர். அங்கும் ஊரடங்கால் வாகன இரைச்சல் வெகுவாகக் குறைந்திருந்தது. சிட்டுகள் முன்னைவிட மெல்லிய குரலில் பாடின. ஆயினும் அவற்றின் பாட்டு முன்னைப்போல் இரு மடங்கு தொலைவுக்குக் கேட்டது!

இப்போது ஒரு சிறு கணக்கு. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 50 மீட்டர் வரையுள்ள பறவைகளின் குரல் கேட்கிறது என்று கொள்வோம். அந்த வட்டத்தின் பரப்பு 3.14 × 50 × 50 = 7,850 சதுர மீட்டர். இரைச்சல் குறைந்து 100 மீட்டர் வரை கேட்டால், பரப்பு 31,400 சதுர மீட்டர். அதாவது நான்கு மடங்கு! ஒரு பறவைகூடப் புதிதாக வராமலேயே, நான்கு மடங்கு பறவைகள் உங்கள் காதுக்கு எட்டும்.

அப்படியானால் நம் கொல்லையில் பறவைகள் பெருகவே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. டெரிபெரி குழுவினரிடம் சில ஆண்டுகளுக்கு முன்பே செய்த ஒலிப்பதிவுகள் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டுத்தான் அவர்கள் முடிவு கண்டார்கள். நம் கொல்லையில் முன்பு எத்தனை பறவைகள் இருந்தன என்று நம்மில் எத்தனை பேர் எழுதி வைத்திருந்தோம்? பழைய கணக்கு இல்லாமல் "கூடிற்று", "குறைந்தது" என்று எப்படிக் கூற முடியும்?

செய்து பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், அதே இடத்தில், அதே நேரத்தில், 15 நிமிடம் அமைதியாக அமருங்கள். பறவையின் பெயர், கண்ணால் கண்டவை எத்தனை, குரல் மட்டும் கேட்டவை எத்தனை, அந்நேரத்தில் தெருவில் சென்ற வாகனங்கள் எத்தனை என்று தனித்தனியே குறியுங்கள். ஒன்றுமே வராத நாளில் "0" என எழுத மறவாதீர்கள்; அதுவும் ஒரு செய்திதான். கூட்டின் அருகில் செல்லாதீர்கள்; தாய்ப்பறவை அஞ்சிக் கூட்டைக் கைவிடக்கூடும்.

அடுத்த ஆண்டு இதே நாளில் யாராவது "பறவைகள் குறைந்துவிட்டன" என்றால், விடை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.